புதுமைப் பெண் 1,000 ரூபாய்: தகுதி இருந்தும் பணம் வராதது ஏன்?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது வடசென்னையில்தான், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், நேராக அவள் வங்கிக் கணக்கில். 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். தாலிக்கு 8 கிராம் தங்கம் கொடுத்துவந்த பணம், செமஸ்டர் ஃபீஸுக்கும் ஜெராக்ஸுக்கும் வந்து சேர்ந்தது. மூன்று வருடப் பட்டப்படிப்பென்றால் மொத்தம் 36,000 ரூபாய்.

யாருக்குக் கிடைக்கும்? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பத்தாவது முடித்து பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போகிறவர்களுக்கும் உண்டு. 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் இந்த ‘தமிழ்வழி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இங்கே பழைய உதவி பெறும் பள்ளிகள் நிறைய. ஒரே வளாகத்தில் தமிழ்வழிப் பிரிவும் ஆங்கிலவழிப் பிரிவும் இருக்கும். அங்கே ஆங்கிலவழியில் படித்த பெண்ணுக்கு இதில் இடமில்லை.

இன்னொரு சிக்கல், கொரோனா ஆண்டுகளில் ஃபீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு. ஆறாவது, ஏழாவது தனியாரில் என்றால் சாதாரணமாகத் தகுதி போய்விடும். கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தச் சேர்க்கைக்கான சான்றைப் பழைய பள்ளியிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வருமான வரம்பு கிடையாது. ஒரே வீட்டில் மூன்று பெண்கள் என்றால் மூவருக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. அஞ்சல்வழி, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கிடையாது.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். எமிஸ் எண் (பள்ளியில் ஒவ்வொரு மாணவிக்கும் தந்த அடையாள எண்), ஆதார், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இவற்றோடு அவரைப் பார்த்தால் போதும். கட்டணம் எதுவும் கிடையாது. முதலில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, இரண்டு மாதத்தில் கவுன்சிலிங்கில் வேறு இடம் கிடைத்து மாறுகிறவர்கள், பழைய கல்லூரிப் பதிவிலிருந்து பெயரை எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பணம் வராதவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். காரணம் பெரும்பாலும் வங்கியில் இருக்கும். ‘ஆதார் கொடுத்தாச்சு’ என்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்கில் விழவேண்டும் என்பதற்கான ஆதார் இணைப்பு வேறு. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகலைக் கொடுத்தது அடையாளத்துக்கு மட்டும். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கச் சொல்லித் தனிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக எந்த வங்கியை இப்படி இணைத்தோமோ அங்கேதான் பணம் போகும். ஒன்பதாவதில் உதவித்தொகைக்காக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கி, கல்லூரியில் இன்னொரு வங்கியில் தொடங்கியிருந்தால், பணம் பழைய கணக்கில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கலாம். மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஓ.டி.பி. வரும் செல்போன் கையில் இருக்க வேண்டும். அந்த எண் எப்போதோ தொலைந்த அப்பாவின் சிம்மாக இருந்தால், முதல் வேலை ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுவது.

பள்ளிக் காலத்துக் கணக்கில் இன்னும் இரண்டு கோளாறுகள் வரும். இரண்டு வருடம் போடவும் எடுக்கவும் இல்லையென்றால் கணக்கு முடங்கும். 18 வயது நிரம்பியதும், மைனர் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றப் புதிதாகக் கையெழுத்தும் ஆவணமும் கொடுக்க வேண்டும். கல்லூரி முதல் வருடத்தில்தான் இந்த 18 வரும். அதைச் செய்யாமல் விட்டால், நன்றாக வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நிற்கும்.

இன்ஷியலும் படுத்தும். மதிப்பெண் பட்டியலில் ‘செல்வி கா’, ஆதாரில் ‘செல்வி காளிமுத்து’, பாஸ்புக்கில் வேறொன்று. மதிப்பெண் பட்டியலை மாற்றுவது நீண்ட வேலை. அதில் உள்ளபடி ஆதாரைத் திருத்தி, பிறகு வங்கிக்குப் போவதே சுருக்கமான வழி. 15 வயதில் ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிக்க வேண்டும். 17 வயதுவரை அது இலவசம். பிளஸ் டூ முடிவதற்குள் செய்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

பேட்டையில் இந்தப் பெண்களுக்கு வழிகாட்டியாக நிற்கும் அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வரவில்லை என்ற மனுவை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், வங்கியில் நீங்கள் பேசாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், போதும். பதினேழு வயதுப் பெண் கவுன்டரில் ‘என் கணக்கு ஆதாரோட இணைஞ்சிருக்கா, பாத்து சொல்லுங்க சார்’ என்று தானே கேட்டுவிட்டால், அடுத்த முறை உங்களைத் தேடமாட்டாள். மனு அரைப் பக்கம் போதும்: ஆதாரில் உள்ளபடி பெயர், எமிஸ் எண், கல்லூரி, படிப்பு, எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை, வங்கியின் பெயர், கணக்கின் கடைசி நான்கு எண்கள். ‘ஏழைக் குடும்பம், கருணை காட்டவும்’ என்று எழுதினால் அடித்துவிடச் சொல்லுங்கள். வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் திட்டம் அல்ல இது, கெஞ்ச வேண்டியதில்லை. கடைசி ஆறு மாதப் பாஸ்புக் பதிவின் நகலைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல் மனு கல்லூரிப் பொறுப்பு ஆசிரியருக்கு. அங்கே தீராவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலருக்கு. சென்னைக்கு அந்த அலுவலகம் ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை ஆட்சியர் வளாகத்தில். கொடுத்ததற்கு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வரக்கூடாது. முதல்வரின் முகவரி எண் 1100-இலும் புகார் பதியலாம். பதிவு எண்ணை அவளே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பெண் தெருவில் இருந்தால், நான் முதல்வன் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களை மேற்படிப்பில் சேர்க்க நடத்தும் ‘உயர்வுக்குப் படி’ முகாம் எப்போது என்று அவள் படித்த பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். படிப்பைவிடச் சீக்கிரம் கல்யாணப் பேச்சு வந்து, வயது 18 ஆகவில்லை என்றால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கூப்பிடுவது யாராகவும் இருக்கலாம், அந்தப் பெண்ணே கூப்பிடலாம்.