32-ஆ, 64-ஆ?

பெரிய கணக்குகளுக்கென்றே என்விடியா செய்யும் எச்100 சிப், 64 பிட் துல்லியத்தில், அதாவது ஓர் எண்ணுக்கு 8 பைட் இடம் கொடுத்து, நொடிக்கு 34 லட்சம் கோடி கணக்கு போடும் என்று அதன் விவரத்தாள் சொல்கிறது. சரி, இரண்டு நீளமான எண் வரிசைகளைக் கொடுத்துக் கூட்டச் சொல்வோம். ஒவ்வொரு கூட்டலுக்கும் 8 பைட் எண்கள் இரண்டை மெமரியிலிருந்து எடுக்க வேண்டும், விடைக்கு இன்னொரு 8 பைட் எழுத வேண்டும். ஆக 24 பைட். மெமரியோ நொடிக்கு 3.35 டெராபைட்தான் (ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி பைட்) தரும். வகுத்துப் பாருங்கள்: சுமார் 14,000 கோடி கூட்டல். சொன்ன வேகத்தில் அரை சதவீதம்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் சிப் எண்ணுக்காகக் காத்துக் கிடக்கிறது.

வானிலைக் கணிப்பு, திரவ ஓட்டம் என்று அறிவியல் கணக்குகளில் பலவும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். அதனால் என்விடியாவுக்கும் அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டிக்கும் இடையிலான போட்டியின் பாதி மெமரியில் நடக்கிறது. ஏஎம்டியின் எம்ஐ300எக்ஸ் சிப் 192 ஜிபி மெமரியோடு, நொடிக்கு 5.3 டெராபைட் வேகத்தில் வந்தது. எச்100-இல் இருப்பது 80 ஜிபி. என்விடியா அடுத்து எச்200-ஐ 141 ஜிபியோடு இறக்கியது.

அப்படியென்றால் எல்லோரும் ஏஎம்டிக்கு மாறிவிடலாமே? அங்கேதான் மென்பொருள் குறுக்கே நிற்கிறது. என்விடியா சிப்புகளுக்கு நிரல் எழுத உதவும் மென்பொருளான குடா 2007-லேயே வந்துவிட்டது. அதற்கு இணையான ஏஎம்டியின் ராக்எம் வந்தது 2016-இல். குடா நிரலில் உள்ள கட்டளைப் பெயர்களை ஏஎம்டிக்கு ஏற்றபடி மாற்ற ஒரு கருவியே இருக்கிறது. பெயர் மாறுவது சுலபம், பழக்கம் மாறுவதுதான் கஷ்டம். என்விடியா சிப்பில் 32 இழைகள், அதாவது ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும் 32 வேலையாட்கள், ஒரு கூட்டமாக நடைபோடும். எம்ஐ300எக்ஸில் 64. 'எத்தனை பேருக்கு விடை கிடைத்தது, கை தூக்குங்கள்' என்று நிரல் கேட்டு, பதிலை ஆளுக்கு ஒரு பிட் வீதம் 32 பிட் பெட்டியில் வாங்கினால், பின்வரிசை 32 பேரின் கைகள் கணக்கிலேயே வராது. நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராமல் போகலாம். விடை மட்டும் தப்பாக வரும். என்னைக் கேட்டால், நின்றுபோகும் நிரலே தேவலை.

பெரிய ஆய்வகங்களுக்கு இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. சூப்பர் கம்ப்யூட்டர்களில், 2022-இல் எக்ஸா எல்லையை (நொடிக்கு, 1-க்குப் பின் 18 சுழியம் போட்ட அளவு கணக்கு) தாண்டிய ஃப்ரான்டியரும், 2024-இல் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த எல் கேப்பிட்டனும் ஏஎம்டி சிப்புகளில் ஓடுகின்றன, அரோரா இன்டெலில். அங்கெல்லாம் இயந்திரம் வருவதற்கு முன்பே நிரல்களைத் திருத்த ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்றே பேர் உள்ள ஆய்வுக் குழுவோ, யாரோ எழுதிவிட்டுப்போன குடா நிரலைத் தொடப் பயந்து, அது ஓடும் சிப்பையே தேடி வாங்குகிறது.