செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல: பேட்டரியை மாற்றுவதற்கு முன்

போன ஐப்பசி மழையில் ஒரு பெட்ரோல் காரைக் கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். "செல்ஃப் நல்லா சுத்துதுண்ணே, ஆனா ஸ்டார்ட்டே ஆகல" என்றார் வண்டிக்காரர். அதற்குள் வேறொரு இடத்தில் புது பேட்டரி போட்டு, பெட்ரோல் பம்பையும் மாற்றியிருந்தார்கள். கோளாறு இரண்டிலும் இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செல்ஃப் வேகமாகச் சுற்றினால் பேட்டரியைச் சந்தேகிக்கத் தேவையில்லை. முழு சார்ஜில் உள்ள பேட்டரி, நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். நுனி காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாசனையே இல்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். காய்ந்திருந்ததால் பம்ப் போய்விட்டது என்று முன்பு பார்த்தவர் முடிவு கட்டியிருக்கிறார். ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் நான்கு சிலிண்டரிலும் பொறி இல்லை.

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும், பொறிக்கான கரண்ட்டைக் கொடுக்கும் தனித்தனி காயில். ஒன்று போனால் வண்டி உதறிக்கொண்டாவது ஸ்டார்ட் ஆகும். நான்கும் ஒரே ராத்திரியில் போகாது. ஆகவே நான்குக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: ஃபியூஸ், ரிலே, கிராங்க் சென்சார்.

இன்ஜின் சுற்றுகிறது என்று ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, சொல்வது கிராங்க் சென்சார். அந்தத் தகவல் வராவிட்டால் பொறியும் கிடையாது, இன்ஜெக்டரும் திறக்காது. சாவி போட்டதும் ஓரிரு நொடி ஓடும் பம்ப்கூட அதோடு நின்றுவிடும். பழி பம்ப் மேல் விழுந்தது இப்படித்தான். செல்ஃப் அடிக்கச் சொல்லி, இன்ஜின் வேகம் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தேன், அசையவே இல்லை. அப்போதே சென்சார் மேல் சந்தேகம் வந்தது. சென்சார் வயரைத் தடவிக்கொண்டே போனதில், கியர்பாக்ஸ் ஓரமாக எலி கடித்து, செம்பு பளபளக்க ஒரு வயர் அறுந்து கிடந்தது. மழைக்கு ஒதுங்கிய எலியாக இருக்கும். வயரைப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டதும் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் பிளக்கின் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். காயிலிலிருந்து வருவது 20,000 வோல்ட்டுக்கும் மேல். ஆளுக்கும் ஆபத்து, ஈசியூவும் போய்விடும். செல்ஃபை ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். மோட்டார் சூடாகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும், அதன் விலை பேட்டரியை விடப் பல மடங்கு.

சில வண்டிகள் நெடுந்தூரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறினால் தானாக ஸ்டார்ட் ஆகும். பெரும்பாலும் கிராங்க் சென்சாரோ காயிலோ சூட்டில் மடங்குகிறது. அப்படி நின்றால் அங்கிருந்தே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், செல்ஃப் அடிக்கும்போது முள் அசைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆறிய பிறகு கொண்டுவந்தால் எல்லாம் சரியாகவே வேலை செய்யும், எங்களுக்கும் பிடிபடாது.