அகராதியைத் திறந்ததும் ஆண்டைப் பாருங்கள்

மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடுவது என் வேலை. சில பிரதிகளில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஆனால் இன்றைய தேர்தல் செய்தியில் வேட்பாளர் ‘அபேட்சகர்’ ஆகியிருப்பார், கூட்டத் தலைவர் ‘அக்கிராசனர்’ ஆகியிருப்பார். கேட்டால், “அகராதியில் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறதுதான். அந்த அகராதி எப்போது தொகுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், மகத்தான உழைப்பு. பழைய பாடலுக்கோ உரைக்கோ பொருள் தேடும்போது நான் முதலில் போவது அதனிடம்தான். இப்போது அது இணையத்திலும் கிடைக்கிறது. நல்ல விஷயம், ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. அச்சுப் புத்தகம் பழுப்பேறித் தன் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் வரும் விளக்கமோ நேற்று எழுதியதுபோலத் தெரியும்.

கலைச்சொல் தொகுப்புகள் இன்னும் வேகமாகப் பழசாகின்றன. கணினித் துறையில் ‘செயலி’ என்றால் முன்பு கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கும் கைபேசியில் இருக்கும் ஆப்தான் நினைவுக்கு வரும். பழைய பட்டியலை மட்டும் நம்பி ஒரு கையேடு எழுதினால் வாசகர் குழம்பிப்போவார்.

மனிதர்களைக் குறிக்கும் சொற்களில் தவறினால் குழப்பத்தோடு போகாது, காயப்படுத்தும். ‘ஊனமுற்றோர்’ என்பது ஒரு காலத்தில் அரசு ஆவணங்களிலேயே இருந்த சொல். இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். ‘குஷ்டரோகி’ போன்ற சொற்களும் அப்படிக் கைவிடப்பட்டவைதான். பழைய அகராதி சொன்னது என்ற சமாதானம் அந்தச் சொல்லால் காயப்பட்ட வாசகரிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

புத்தகம் வாங்கும்போது பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. ‘இரண்டாம் பதிப்பு’ என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கலாம். முன்னுரையைப் படித்தால் தெரிந்துவிடும். க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்தது, பிறகு 2008-இலும் 2020-இலும் விரிவாக்கித் திருத்தப்பட்டது. இன்றைய எழுத்துத் தமிழுக்கு நான் நம்புவது அதைத்தான். சரி, அதற்கும் பிறகு வந்த சொல் என்றால்? அண்மைக்கால நாளிதழ்களில் தேடுவேன், அப்புறம் அந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்பேன். மனிதர்களைக் குறிக்கும் சொல்லில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அந்த மக்கள் தங்களைக் குறிக்கத் தாங்களே பயன்படுத்தும் சொல்லை எடுத்துக்கொள்வேன்.