நடந்தது ஒன்று, காரணம் இரண்டு: வீட்டுக்குள் நாம் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறோம்?

குடும்பமாக ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் தனித்தனியாகப் பேசும்போது ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். என்ன நடந்தது என்பதில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. மகன் பேச்சை நிறுத்திவிட்டான், மருமகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், கணவர் சம்பளத்தைத் தாயிடம் கொடுத்தார் என்ற அளவில் எல்லோரும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறார்கள். ஏன் நடந்தது என்று கேட்கும்போதுதான் செய்தி இரண்டாகப் பிரிகிறது. பிறர் செய்ததற்கு அவர்களுடைய குணமும், தான் செய்ததற்குத் தன்னுடைய சூழ்நிலையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இருவரில் ஒருவரும் பொய் சொல்வதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வேலூரைச் சுற்றியுள்ள கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இராணுவத்துக்குப் போகும் வழக்கம் உண்டு. அத்தகைய பின்னணியிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்திருந்தார்கள். (அவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தந்தை ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். மகன் டிப்ளமா முடித்து, கிடைத்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். "ஒன்பது மணி வரைக்கும் படுத்துனு கீறான் மேடம். சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல" என்றார் தந்தை. மகனிடம் தனியாகப் பேசியபோது, "எங்க நைனாவுக்கு நான் பிள்ளை இல்ல, ஒரு ஜவான். லீவுல வருவாரு, கட்டிலைத் தட்டி எழுப்புவாரு, திரும்பிப் போயிடுவாரு. இப்ப தெனமும் தட்டுறாரு" என்றார்.

மகனுக்கு இரவு மூன்று மணிக்கு முன் கண் அசருவதில்லை. சாப்பாடு குறைந்திருந்தது. ஏரிக்கரையில் தவறாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தார். இவை மனச்சோர்வின் தெளிவான அறிகுறிகள். தந்தையோ இரவு ஒன்பதரைக்குப் படுத்து அதிகாலை நாலரைக்கு எழுகிறவர். மகன் விழித்துக் கிடந்த மணிநேரங்கள் முழுவதும் அவர் உறக்கத்தில் இருந்தார். அவர் கண்ணில் பட்டதெல்லாம் காலை ஒன்பது மணியின் மூடிய போர்வை மட்டுமே. மகன் அறியாததும் ஒன்று இருந்தது. "நாலரைக்கே எழுந்துக்கிறேன் மேடம். அதுக்கப்புறம் வூட்ல எனக்குன்னு ஒரு வேலையும் இல்ல, ஒருத்தரும் எதுவும் கேக்குறதும் இல்ல" என்று அந்த மனிதர் சொன்னபோதுதான், இத்தனை ஆண்டுகளாக அதிகாரம் என்று மகன் நினைத்திருந்த அந்தக் கட்டில் தட்டல், வீட்டில் தனக்கென்று எஞ்சியிருக்கும் ஒரே கடமையாக அவருக்குத் தோன்றியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

இந்தப் பார்வைப் பிழையை உளவியல் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு மேலிருந்து கட்டளையாகத் தரப்பட்டது என்று தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகும், படித்தவர்கள் அதை எழுதியவரின் சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். சூழ்நிலையைத் தள்ளிவைத்து, செயலுக்குக் குணத்தையே காரணமாகக் கருதும் இந்தப் போக்குக்கு 1977-இல் லீ ராஸ் அடிப்படைக் காரணம்காட்டல் பிழை என்ற பொருளில் பெயரிட்டார். பின்னர் 2006-இல் பெர்ட்ரம் மாலே 173 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தன்னையும் பிறரையும் வேறு வேறு விதமாக விளக்கும் இந்த வேறுபாடு எல்லா நேரமும் பெரிதாக இல்லை என்றும், கெட்டது நடக்கும்போதுதான் அது தலைதூக்குகிறது என்றும் தெரியவந்தது. ஆலோசனை அறையில் நான் காண்பதும் இதுவே. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும் வரை ஒருவர் மற்றவருக்கு இடம் கொடுக்கிறார்கள். பால் பொங்கி வழிந்த நாளில்தான் "உன் புத்தியே இப்படித்தான்" என்ற சொல் வருகிறது.

இன்னொரு ஆய்வு நமக்கு மிக அருகில் நடந்தது. 1984-இல் வெளியான ஜோன் மில்லரின் ஆய்வு, மைசூரில் வாழும் இந்துக்களையும் சிகாகோவில் வாழும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டது. சிறு குழந்தைகள் காரணம் சொன்ன விதத்தில் இரு ஊர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் குணத்தையும் மைசூர்க்காரர்கள் சூழ்நிலையையும் அதிகமாகக் காரணம் காட்டினார்கள். ஆகவே சூழ்நிலையோடு சேர்த்து ஒருவரைப் பார்க்கும் பழக்கத்தை நம் பக்கத்துச் சமூகங்கள் வளரும் வயதில் கற்றுத் தருகின்றன என்று கொள்ள இடமிருக்கிறது. தெருவில் தடுமாறுகிறவரைப் பார்த்து "பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ" என்று சொல்ல நமக்குத் தெரியும். அந்தப் பெருந்தன்மை வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்பதுதான் என் வருத்தம். நெருங்கியவர்களை ஏற்கெனவே முழுவதும் அறிந்துவிட்டோம் என்ற நம்பிக்கையே அதற்குத் தடையாக நிற்கிறது.

இது வீட்டோடு முடிவதில்லை. அதிகாரத்தோடு சேரும்போது விளைவு மிகப் பெரிதாகிறது என்பதற்கு நம் வேலூர்க் கோட்டையே சாட்சி. 1805 நவம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு வந்த ஆணை, சிப்பாய்கள் நெற்றிக்குறி இடுவதையும் தாடி வைப்பதையும் கட்டுப்படுத்தியது. அதே காலத்தில் தோல் பதித்த புதிய தலைப்பாகையும் புகுத்தப்பட்டது. உத்தரவிட்டவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் அது சீருடை ஒழுங்கு. அணிய வேண்டியவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் மதத்தின் மீது வைக்கப்பட்ட கை. 1806 ஜூலை 10 அன்று வெடித்த வேலூர்க் கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பமும் அவற்றில் ஒன்றாகப் பேசப்படுகிறது. மனநலப் பணியில் இருப்பவள் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது முஸ்தபா பேக் என்ற சிப்பாயின் செய்தி. நடக்கப்போவதை அவர் முன்கூட்டியே அதிகாரியிடம் தெரிவித்தார். புத்தி பேதலித்தவர் என்று சொல்லி அவரைத் தள்ளிவிட்டார்கள். பைத்தியம் என்ற முத்திரை விழுந்துவிட்டால் அதன் பிறகு அந்த மனிதர் சொல்லும் உண்மையும் நோயின் அறிகுறியாகவே கேட்கப்படுகிறது. மனநல சிகிச்சை எடுத்துக்கொள்ளும் பலர் இன்றும் தம் உறவினர்களிடம் இதையே அனுபவிக்கிறார்கள்.

தன்னைப் பற்றிய பார்வைக்கு வருகிறேன். மனம் நலமாக இருக்கும்போது நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொள்கிறோம். மனச்சோர்வு வந்துவிட்டால் தராசு அப்படியே தலைகீழாகிறது. பிறருக்கெல்லாம் சூழ்நிலை காரணமாகிறது, தனக்கு மட்டும் குணம் குற்றவாளியாகிறது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர், விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு கம்பெனி வேனைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர், மகளின் மதிப்பெண் குறைந்ததற்கு "நான் நல்ல அம்மாவா இல்ல" என்று அழுதார். பக்கத்து மெஷினில் உட்காரும் தோழி இதே சொல்லைச் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். "அவ இன்னா பண்ணுவா பாவம், பொழுதுக்கும் வேலை" என்று யோசிக்காமல் சொன்னவர், சொல்லி முடித்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 1960-களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிவுசார் சிகிச்சையின் வழிவந்த முறைகளில் இக்கேள்வியும் ஒன்று. தோழிக்குச் சொல்லும் பதிலை எழுதிவைத்துத் தனக்குப் படித்துக் காட்டுவதை வீட்டிலேயே செய்யலாம்.

பிறரைப் பொறுத்தவரை, "அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்ற வழக்கமான அறிவுரையை நான் இப்போது தனியாகத் தருவதில்லை. 2018-இல் டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிகோலஸ் எப்லி ஆகியோர் 25 பரிசோதனைகளை வெளியிட்டார்கள். மற்றவர் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்வதால் அவர் மனத்தில் உள்ளதை ஊகிக்கும் துல்லியம் கூடவில்லை. அவரிடமே கேட்டபோதுதான் கூடியது. கற்பனை செய்யும்போது நம்முடைய மனத்தையே அவர் உடம்பில் ஏற்றிப் பார்க்கிறோம். அந்தத் தந்தை மகனின் இடத்தில் தன்னை எத்தனை முறை வைத்துப் பார்த்திருந்தாலும் நாலரைக்கு எழுந்திருப்பார்.

ஆகவே கேட்பதுதான் வழி. நம் வீடுகளில் அது எளிதல்ல என்பதையும் அறிவேன். "ஏன் இப்படிப் பண்ற?" என்பது கேள்வி வடிவில் இருந்தாலும் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது, "என்ன ஆச்சு, ராத்திரி தூக்கம் வருதா?" என்பது பதிலுக்கு இடம் தருகிறது. நான்கு பேர் எதிரில் கேட்க வேண்டாம். இளவயதினர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுவதைவிட வண்டியில் போகும்போது எளிதாகப் பேசுகிறார்கள். மாமியார் மருமகளிடமோ மருமகள் மாமியாரிடமோ நேரில் கேட்க முடியாத வீடுகளில், இருவருக்கும் வேண்டிய சித்தியோ நாத்தனாரோ கேட்கலாம். பதில் வந்ததும் மறுத்துப் பேசாமல், "நீ சொல்றது எனக்கு இப்படிப் புரியுது, சரியா?" என்று அவரிடமே சரிபார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் இந்த அறிவுரை பொருந்தாது. அடிக்கிறவரின் பக்கத்தைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு அடிபடுகிறவருக்கு இல்லை. முதலில் பாதுகாப்பு, அதற்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமின்மையோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தாலும், "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம் வந்தாலும், அதைக் குணம் என்று தள்ளிவிடாமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை இலவசமானது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், நோயுற்றவருக்காக வீட்டில் இருப்பவரும் அழைக்கலாம்.