நீந்திப் போன மீன் பிழைத்ததா? வறட்சிக் கால ஆற்றில் ட்ரௌட் பிடிப்பவர்களுக்கு

ஃப்ளை ராடோடு, அதாவது பூச்சி போலக் கட்டிய போலி இரையை (ஃப்ளை) வீசிப் பிடிக்கும் தூண்டிலோடு, மலையாற்றுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள். "நாங்க மீனைக் கொல்றதில்ல, பிடிச்சதும் விட்டுடுவோம்" என்பார்கள். அப்படி வருகிறவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போவதுதான் என் தொழில். மழையும் பனியும் சரியாகப் பெய்த ஆண்டில் அந்தப் பேச்சில் பெரிதாகப் பிழையில்லை. ஆனால் தண்ணீர் வற்றி, ஆறு பாதி அகலத்துக்குச் சுருங்கி, கரையோரக் கற்கள் காய்ந்து வெளுத்துக் கிடக்கும் கோடையில், விட்ட மீனெல்லாம் பிழைத்தது என்று கணக்கு வைக்க முடியாது. கையை விட்டு நீந்திப் போன மீன் சாயங்காலத்துக்குள் செத்துப் போகலாம். நாம் அதற்குள் அடுத்த மடுவுக்குப் போயிருப்போம், அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை.

ட்ரௌட் குளிர்ந்த தண்ணீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். அந்த அளவில்தான் நன்றாக இரை எடுக்கும், வளரும். 20 டிகிரியை நெருங்கும்போது பிரவுன் ட்ரௌட் இரையைக் குறைத்துக்கொள்ளும். 25 டிகிரி வாக்கில் நாள்கணக்கில் இருக்க நேர்ந்தால் பிரவுன், ரெயின்போ ஆகிய ட்ரௌட் வகைகள் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். கட்த்ரோட், புல் ட்ரௌட் ஆகிய வகைகளுக்கு இந்த எல்லை இன்னும் கீழே.

சூடு மட்டும் தனியாக வந்து கொல்வதில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்; 20 டிகிரியில் அது 9.1 ஆகிவிடும். நாம் இருப்பதோ மலைமேல். 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே 20 டிகிரித் தண்ணீரில் ஏழு மில்லிகிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். மீனின் தேவையோ எதிர்த்திசையில் போகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சும்மா இருக்கும் மீனுக்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். வரவு குறைந்து செலவு ஏறிய அந்த நேரத்தில்தான் நாம் போய் அதன் வாயில் முள்ளை மாட்டுகிறோம்.

மாட்டியதும் மீன் முழு பலத்தோடு இழுக்கிறது. அந்த வேகத்துக்கு ஆக்சிஜன் போதாமல் தசை அது இல்லாமலே எரிபொருளை எரிக்கும். லாக்டிக் அமிலம் சேரும், ரத்தம் அமிலத் தன்மைக்குச் சாயும். குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் ஓய்ந்து கிடந்தால் மீன் இதைச் சரிசெய்துகொள்ளும். சூடான தண்ணீரில் அதற்கும் மூச்சு போதாது. சாவு தாமதமாக வருவது இதனால்தான். வாலை ஆட்டிக்கொண்டு கம்பீரமாகப் போகும். அரை மணி கழித்தோ அன்று இரவோ கதை முடிந்துவிடும்.

இதை ஒருமுறை கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பேன். மதியம் மூன்று மணிக்கு மேல், இடுப்பளவு மடு. வேறொரு குழுவைச் சேர்ந்தவர் நல்ல நீளமான பிரவுன் ட்ரௌட்டைப் பிடித்து, படமெடுத்து, பார்த்துப் பார்த்துத்தான் விட்டார். மீன் விருட்டென்று ஓட்டத்துக்குள் போய்விட்டது. அவர் சந்தோஷமாக மேலே நகர்ந்தார். நான் மடுவின் கீழ்க்கோடியில் நின்றுகொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அதே மீன் பின்னோக்கி நகர்ந்து வந்து ஒரு கல்லின் பின்னால் ஒதுங்கியது. செவுள் மூடி அடிக்கிற வேகத்தை எண்ண முடியவில்லை, வாய் மூடவே இல்லை. முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. அப்புறம் மஞ்சள் வயிறு மேலே தெரிய, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன்: 22 டிகிரி. மேலே போனவர் அன்று சாயங்காலம், எதையும் கொல்லாமல் திரும்பியதாகத்தான் சொல்லியிருப்பார். அவர் வரையில் அது பொய்யும் இல்லை.

ஆகவே தெர்மாமீட்டர் இல்லாமல் கோடையில் ட்ரௌட்டுக்குப் போகாதீர்கள். பாக்கெட்டில் போடும் சாதாரணமான ஒன்று போதும். கரையோரத் தேங்கலில் அளந்தால் தப்பாகக் காட்டும்; ஓடும் தண்ணீரில், நிழல் விழும் இடத்தில், முழங்கை ஆழத்துக்கு விட்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். வந்ததும் ஒருமுறை, அப்புறம் மணிக்கொருமுறை. என் கணக்கு இது: 18 டிகிரி ஆனதும் எச்சரிக்கை; 20-ஐத் தொட்டால் நூலைச் சுற்றிவிடுவேன், மீன் எகிறி எகிறிக் கடித்தாலும் சரி. கட்த்ரோட் இருக்கும் ஆறென்றால் 18-லேயே நிறுத்திவிடுவேன். "ஒரு டிகிரிதானே" என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. 19-இல் இருக்கும் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை அவர்கள் கேட்பதில்லை. அதுதான் பெரிய விஷயம். பகலில் ஆறு அதிகம் சூடாவது உச்சி வேளையில் அல்ல, சாயங்காலம் நாலு, அஞ்சு மணி வாக்கில். வெயில் தாழ்ந்ததும் இதமாக இருக்கிறதே என்று ராடை எடுக்கும் அந்த நேரம்தான் மீனுக்கு மிக மோசமான நேரம்.

மிகக் குளிர்ந்த நேரம் பொழுது விடியும்போது. அதனால் விடிகாலையில் தொடங்கி முற்பகலுக்குள் முடிப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் குறைந்து வெயில் அடிமட்டம்வரை விழும் ஆற்றில் பாசி மண்டிவிடும். பாசி பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும், இரவு முழுக்க அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மெதுவான, பச்சை பிடித்த பகுதியில் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். தெர்மாமீட்டர் 16 காட்டும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அங்கே ஃப்ளை போடாதீர்கள், கல்லில் அடித்து நுரைத்து ஓடும் இடத்துக்குப் போங்கள், காற்று கலப்பது அங்கேதான்.

இரவையும் கவனியுங்கள். பகலில் 21 போய் இரவில் 13-க்கு இறங்கும் ஆற்றில் மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. பகலில் 20, இரவிலும் 18 என்றால் ஓய்வே கிடையாது. அந்த ஆற்றைக் காலையிலும் விட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவில் பல ஆறுகளுக்கு யூஎஸ்ஜிஎஸ் என்ற அரசு நிலவியல் ஆய்வு அமைப்பின் அளவுமானிகள் காட்டும் நீரளவையும் வெப்பத்தையும் இணையத்தில் பார்க்கலாம். எல்லாரும் உச்சத்தைப் பார்ப்பார்கள். இரவின் அடிமட்டக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இனி மனசைக் கெடுக்கும் இடத்துக்கு வருகிறேன். ஆறு சூடானதும் ட்ரௌட் எல்லாம் குளிர்ந்த மூலைகளைத் தேடிப் போகும்: அடியில் ஊற்று வரும் மடு, மலைநிழலில் வரும் கிளையோடை ஆற்றோடு சேரும் வாய், நிலத்தடி நீர் கசியும் கரை. முக்கிய ஓட்டத்தில் 22 இருக்க, ஓடை வாயில் 15 இருக்கும். அங்கே மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நிற்கும். தண்ணீரும் கண்ணாடி. பார்த்தவனுக்குக் கை சும்மா இருக்காது. தெர்மாமீட்டரும் 15 என்கிறதே, பிடிக்கலாமே என்று தோன்றும். பிரச்சினை என்னவென்றால், முள் மாட்டிய மீன் அந்த மூலையிலேயே நின்று இழுக்காது. 22 டிகிரி ஓட்டத்துக்குள்தான் ஓடும். அதோடு நாம் தண்ணீரில் இறங்கி நின்றாலே மற்ற மீன்களும் கலைந்து சூட்டுக்குள் போகும். இப்படிக் கூட்டமாக மீன் நிற்கும் இடத்தில் ஃப்ளை போடுவதை நான் மீன்பிடியாகவே மதிப்பதில்லை.

சரி, காலையில் தண்ணீர் 14-இல் இருக்கிறது, பிடிக்கலாம். அப்போதும் வறட்சி ஆறு வேறொரு வகையில் நம்மைத் தப்பான பக்கம் தள்ளும். தண்ணீர் குறைவு, தெளிவு. மீன் நிழலைக் கண்டாலே ஓடும். அதனால் எல்லாரும் நூலை மெலிதாக்குவார்கள், 6எக்ஸ், 7எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் நுனி நூல்; எண் கூடக் கூட நூல் மெலியும்) என்று போவார்கள். மெலிந்த நூலில் மீனை அழுத்திக் கொண்டுவர முடியாது, விளையாட்டு காட்டித்தான் இழுக்க வேண்டும். நிமிடம் நீளும், மீன் தளரும். என் பக்கத்து யோசனை: 4எக்ஸைவிட மெலிதான நூலுக்குப் போகாதீர்கள். ஏமாற்றும் வேலையை நூலிடம் விடாமல் கால்களிடம் கொடுங்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நெருங்குங்கள், மண்டியிடுங்கள், தடித்த நூலுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் லீடர் நூலை நீளமாக்குங்கள், முதல் வீச்சை யோசித்து வீசுங்கள். கோடை இறுதியில் வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு போன்ற கரைப்பூச்சிகள் தண்ணீரில் விழும். அவற்றின் ஃப்ளைகளுக்கு மீன் நூலை அவ்வளவாகக் கவனிக்காமலே வரும், அது நமக்கு வசதி.

முள்ளின் பார்பை (முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியை) இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். வலை ரப்பர் வலையாக இருக்கட்டும். மீன் வலைக்குள் வந்ததும் வலையைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், கை நனைந்திருக்கட்டும்.

படம் எடுப்பது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். செவுளின் மெல்லிய இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் நனைந்த தலைமுடி போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு அங்கேயே நின்றுவிடும். 1992-இல் கனடாவில் வெளியான ஒரு ரெயின்போ ட்ரௌட் ஆய்வில், சோரும்வரை விரட்டப்பட்டுக் காற்றில் எடுக்கப்படாத மீன்களில் 88 சதவீதம் 12 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தன. விரட்டியபின் 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28 சதவீதம். ஆய்வகத்தில் நடந்த சிறிய சோதனைதான், ஆற்றில் அதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, "இன்னொன்னு, கண்ணாடியைக் கழட்டிட்டு" என்பதற்குள் ஒரு நிமிடம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். என்னோடு வருகிறவர்களிடம் கோடையில் தண்ணீருக்குள் வைத்தே படமெடுக்கச் சொல்கிறேன். முகம் சுளிப்பவர்களும் உண்டு.

விடும்போது மீனை முன்னும் பின்னும் ஆட்டுவது பழைய பழக்கம். பின்னால் இழுத்தால் தண்ணீர் செவுளில் தப்பான திசையில் போகும். மிதமான ஓட்டத்தில் தலை மேல்நோக்கி இருக்க, வயிற்றின் அடியில் கை கொடுத்துப் பிடித்தால் போதும், அதுவே திமிறிக்கொண்டு போகட்டும்.

நோய் விஷயமும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானாவில் யெல்லோஸ்டோன் ஆற்றில் மவுண்டன் ஒயிட்ஃபிஷ் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சிறுநீரகத்தைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றுதான் காரணம். தண்ணீர் 15 டிகிரிக்கு மேல் போகும்போது அந்த நோய் முற்றும். ஓட்டம் குறைந்து, ஆறு சூடேறிக் கிடந்த கோடை அது. மாநில அதிகாரிகள் ஏறக்குறைய 295 கிலோமீட்டர் நீள ஆற்றையும் அதன் கிளைகளையும் மூடினார்கள். மீன்பிடி மட்டுமல்ல, படகு, நீச்சல் எல்லாமே நிறுத்தப்பட்டன. ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வேடர் (ஆற்றில் இறங்கப் போடும், தண்ணீர் புகாத கால்சட்டை), பூட்ஸ், வலை எல்லாவற்றையும் சேறு போகக் கழுவி, தண்ணீரை வடித்து, முழுக்கக் காயவைத்து எடுத்துப் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அதே மொன்டானாவில், தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரியைத் தொட்டால் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை மீன்பிடிக்கத் தடை போடும் வழக்கம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 23 வரை காத்திருப்பது என் கணக்கில் தாமதம். தடை வராத ஆறு பத்திரமான ஆறு என்று படிக்கக் கூடாது. அணைக்குக் கீழுள்ள ஆறு எப்போதும் குளிர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடும்வரை அது சரி; தேக்கம் வற்றி மேல்தண்ணீர் மதகுக்கு இறங்கிவிட்டால் அங்கேயும் சூடான தண்ணீர்தான் வரும். ஒரு மழை பெய்ததும் ஆறு சரியாகிவிட்டது என்று ஓடி வருவதும் வேண்டாம், இரவு வெப்பம் சில நாள் தொடர்ந்து இறங்கியபின் வாருங்கள்.

வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று. பதிவு செய்யும்போதே, "தண்ணீர் 20 டிகிரி ஆனால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். விடிகாலையில் தொடங்கி முற்பகலில் முடிப்போம், இல்லையென்றால் மேலே உயரமான ஓடைக்கோ, சூட்டைத் தாங்கும் கெண்டை, பாஸ் மீன்கள் உள்ள ஏரிக்கோ மாற்றுவோம், அதுவும் முடியாவிட்டால் தேதியைத் தள்ளிவைப்போம் என்று பதில் வந்தால் அவரோடு போகலாம். "அதெல்லாம் மீன் தாங்கும் சார்" என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.