ரெஸ்பிரபிள் டஸ்ட்: நுரையீரல்புகு தூசி

கல்குவாரி, கிரஷர், சுரங்கம் என எங்கே தூசி அளந்தாலும் அறிக்கையில் தவறாமல் வரும் சொல் 'ரெஸ்பிரபிள் டஸ்ட்'. இதை அப்படியே தமிழாக்கினால் 'சுவாசிக்கத்தக்க தூசி' என்று வரும். உண்ணத்தக்க பழம், குடிக்கத்தக்க நீர் என்று பேசிப் பழகிய தொழிலாளி இதைப் படித்தால் என்ன நினைப்பார்? மூச்சில் போனாலும் பரவாயில்லாத தூசி என்றுதான். உண்மையில் தூசியிலேயே மோசமானது இதுதான்.

லத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். முன்னால் 'ரெ' சேர்ந்தால் மூச்சைத் திரும்பத் திரும்ப விடுதல். அதில் பிறந்த 'ரெஸ்பிரபிள்' முதலில் மூச்சுவிட ஏற்ற நல்ல காற்றைத்தான் குறித்தது. தூசியோடு சேர்ந்து கலைச்சொல்லான பிறகு பொருள் மாறிவிட்டது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகிய தடைகளை எல்லாம் தாண்டி, நுரையீரலின் கடைசியில் உள்ள காற்று நுண்ணறை வரை போகும் அளவுக்குச் சிறிய தூசி என்பதே இன்றைய பொருள்.

எவ்வளவு சிறியது? 1959-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த பன்னாட்டு மாநாடு இதற்கு ஒரு வரையறை தந்தது. 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் பாதி உள்ளே போகும், அதைவிடச் சிறியவற்றில் இன்னும் அதிகம் போகும். மாநாடு அந்த ஊரில் கூடியதற்குக் காரணம் உண்டு. அங்கே தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் நிறைந்த பாறையில். அதைத் துளைத்தவர்கள் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய், வந்து செத்தார்கள். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே, அதே குவார்ட்ஸ்தான்; அது சிலிக்காவின் ஒரு வடிவம். இப்போதைய பன்னாட்டுத் தரப்படி பாதி உள்ளே போகும் அளவு 4 மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஆகவே கண்ணை உறுத்துகிற புழுதி வேறு, இது வேறு. புழுதி சீக்கிரம் தரையில் படிந்துவிடும். கிரஷரை நிறுத்தி, எல்லாம் அடங்கிவிட்டது என்று முகத்துணியை அவிழ்க்கும்போதும் இது காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தாக வேண்டும். தொழிலாளியின் இடுப்பில் ஒரு சிறிய பம்பு, சட்டைக் காலரில் 'சைக்ளோன்' என்ற சுழற்பிரிப்பான். காற்று அதற்குள் சுழலும்போது பெரிய துகள்கள் கீழே விழுந்துவிட, நுண்ணியவை மட்டும் வடிதாளில் படியும். சில வகைகளில் பம்பு நிமிடத்துக்கு 2.2 லிட்டர் இழுக்கும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 1,056 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டரைவிடச் சற்று அதிகம். வடிதாளை முன்னும் பின்னும் எடைபோட்டால் தூசியின் அளவு தெரியும். அப்புறம் எக்ஸ் கதிர் ஆய்வில் அதில் சிலிக்கா எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளில் ஒரு சூத்திரம் உண்டு. மாங்கனீசு போன்ற சில கனிமங்களைத் தவிர்த்து, மற்றவற்றுக்கு 15-ஐ தூசியில் உள்ள சிலிக்கா சதவீதத்தால் வகுத்தால் வருவதே தூசிக்கான வரம்பு. 30 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் தூசி வரை இருக்கலாம். சரி, அந்த அரை மில்லிகிராமில் சிலிக்கா எவ்வளவு? 0.15 மில்லிகிராம். இந்தச் சூத்திரப்படி சதவீதம் எதுவானாலும் விடை இதேதான். அமெரிக்காவில் ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் 2016-இல் சிலிக்காவுக்கு வைத்த வரம்பு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். மூன்று மடங்கு வித்தியாசம்! அங்கே ஆகாத தூசி இங்குள்ளவர் நுரையீரலுக்கு மட்டும் எப்படி ஆகும்?

தமிழில் 'நுரையீரல்புகு தூசி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'நுண்தூசி' சுருக்கமானதுதான், ஆனால் எங்கே போகிறது என்று சொல்லாது. 'புகுதூசி' வினைத்தொகை, புகுந்தது, புகுவது, புகப்போவது மூன்றையும் அடக்கும். குவாரி அறிவிப்புப் பலகையில் எழுதும்போது முதல் வரியில் இந்தச் சொல், அடுத்த வரியில் அன்றைய அளவு, அதன் பக்கத்திலேயே வரம்பு. இந்த மூன்றும் இருந்தால் டிரில் பிடிப்பவருக்குத் தன் நிலை புரிந்துவிடும்.