சாய டப்பாவைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்துங்கள்

குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கிறவர்களுக்கு, துணி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரைப் பற்றி யாரும் எச்சரிக்க வேண்டியதில்லை. ஒருமுறை விரல் நுனியைச் சீவிக்கொண்டால் போதும், பிறகு ஆயுசுக்கும் பிளேடை மூடித்தான் வைப்பார்கள். இஸ்திரிப் பெட்டியிடமும் அதே மரியாதை உண்டு. கொஞ்சமும் பயமில்லாமல் கையாள்வது சாயத்தூளைத்தான். டீஸ்பூனால் அள்ளி, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, டம்ளரில் போட்டுக் கலக்குகிறார்கள். பக்கத்திலேயே காபி இருக்கும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஷேடு பொருத்தும் லேப் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது துணிக்குக் கையால் சாயமேற்றவும் தீட்டவும் கற்றுக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆர்ட் குவில்ட் செய்கிறவர்கள். போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் மாட்ட. அடித்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே ஓவியம்போல் அமைத்த துணி, மூன்றையும் சேர்த்துத் தையல்.

கடைத் துணியை விட்டுவிட்டு இவர்கள் ஏன் சாயத்துக்கு வருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. அச்சுத் துணியில் நிறத்தை வேறு யாரோ தீர்மானித்திருப்பார்கள். மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் ஒரு முனையில் அடர்ந்து மறுமுனையில் வெளிறிப்போக வேண்டும் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் ஊரில், பழைய பால்பண்ணைத் தொழுவம் ஒன்றில் 1979-இல் ‘குவில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. குவில்ட்டைக் கட்டிலிலிருந்து சுவருக்குக் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நான்சி க்ரோ, பின்னாளில் தன் துணிகளுக்குத் தானே சாயமேற்றிக்கொண்டார்.

வீட்டு மேஜையில் இதெல்லாம் முடிவதற்குக் காரணம் 1956-இல் வந்த ஒரு சாய வகை. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் ‘புரோசியான்’ என்ற பெயரில் விற்ற ரியாக்டிவ் சாயங்கள். அதற்கு முன் பருத்தியில் நல்ல சாயம் நிற்க வேண்டுமானால் கொதிநீரோ காஸ்டிக் சோடாவோ வேண்டியிருந்தது. இவற்றுக்கோ சாதாரணத் தண்ணீரும் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட் என்ற காரத் தூள்) போதும். நம் ஊர்க் கடைகளில் ‘எம் பிராண்ட்’, ‘கோல்ட் (cold) பிராண்ட்’ என்று கிடைப்பவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் பெரிய டப்பாவிலிருந்து பிரித்துக் கட்டிய பாலிதீன் பொட்டலம். அதில் பெயரைத் தவிர எதுவும் எழுதியிருக்காது.

பழைய சாயங்கள் பல, இழைக்குள் புகுந்து தங்கிக்கொள்பவை. ரியாக்டிவ் சாயம் பருத்தி மூலக்கூறோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்கிறது. அதனால்தான் வருடக்கணக்கில் துவைத்தாலும் போவதில்லை. ஆனால் அதற்குப் பருத்தியை மட்டும்தான் பிடிக்கும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. தூளாக மூச்சோடு உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரச் சவ்வில் விழுந்தால், அங்குள்ள புரதங்களோடும் அதேபோல் பிணையும். சிலருடைய உடல் அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். அதன்பின் கண்ணுக்குத் தெரியாத அளவு தூசி போதும்: மூக்கொழுகல், இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங். பிரிட்டனிலும் கொரியாவிலும் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இந்த ஆஸ்துமா நன்றாக ஆவணமாகியிருக்கிறது. ஐரோப்பாவில் பல ரியாக்டிவ் சாய டப்பாக்களில் மூச்சு ஒவ்வாமை எச்சரிக்கை அச்சிட்டே வரும். நம் பாலிதீன் பொட்டலத்தில் வராது.

இதில் வஞ்சகம் என்னவென்றால், முதல் நாளே எதுவும் நடக்காது. சில வாரமோ சில வருடமோ கழித்துத்தான் தெரியும். ‘இத்தனை நாள் செய்யறேன் சார், எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று சொல்லாத மாணவர் குறைவு. என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்கு மாதக்கணக்கில் இரவு இருமல். வீட்டுப் பூனை, பழைய மெத்தை, பக்கத்துக் கட்டட வேலை என எல்லாவற்றின்மேலும் சந்தேகப்பட்டுவிட்டார். சாயம் கலக்கிய நாளின் இரவில்தான் இருமல் வருகிறது என்று கண்டுபிடித்தது அவரல்ல, அவர் கணவர். பகலில் தூசி, இரவில் மூச்சுத்திணறல் என்று தாமதமாக வருவது இந்த நோயில் வழக்கம். அதனால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப்போடுவதில்லை.

இனி, தூளைக் கையாளும் விதம். முதலில் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். மே மாதத்தில் இதைச் சொல்லும்போது வகுப்பே என்னை முறைக்கும். முறைக்கட்டும், கலக்கும் நேரம் பத்து நிமிடம்தான். ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே தண்ணீர் தெளித்த செய்தித்தாளை விரித்து, அதற்குள் வைத்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். சிதறும் தூள் ஈரத்தாளில் ஒட்டி நிறமாக மாறுவதைப் பார்த்தால், இத்தனை நாளும் எவ்வளவு பறந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தாளை ஈரத்தோடே மடித்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். முகத்தில் என்95. கொரோனா காலத்தில் வாங்கியது ஏதாவது அலமாரியில் கிடக்கும், ஆனால் ரப்பர் தளர்ந்திருந்தால் வேண்டாம். சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் துணி மாஸ்க்கிலும் பக்கவாட்டு இடைவெளி வழியாகத் தூள் நுழைந்துவிடும். பெயின்டர்கள் போடும் கரிப் பெட்டி மாஸ்க் ஆவிக்கானது. தூசி வடிகட்டியும் சேர்ந்திருந்தால்தான் இதற்குப் பயன்படும்.

தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு மிச்சத் தண்ணீரைச் சேர்த்தால் கட்டியும் விழாது, தூளும் பறக்காது. கரைந்துவிட்டால் பாதி ஆபத்து போயிற்று. மாஸ்க்கைக் கழற்றலாம், ஃபேனைப் போடலாம், கையுறையை மட்டும் கழற்றக் கூடாது. ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடிப்பதாக இருந்தால் மாஸ்க் மறுபடியும் வேண்டும். தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாயம் தீட்டி அலசாமல் காய்ந்த துணியை உதறுவதும் கிழிப்பதும் தூளைத் திறப்பதற்குச் சமம்.

இப்போது ஐஸ் டையிங் மோகம். நனைத்த துணிமேல் ஐஸ் கட்டிகளைப் பரப்பி, அவற்றின் மேல் சாயத்தூளை அப்படியே தூவுகிறார்கள். விளைவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தூள் இவ்வளவு தாராளமாகக் காற்றில் பறக்கும் வேலை இந்தக் கலையில் வேறில்லை. அதை வெறும் முகத்தோடு செய்துகாட்டும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. செய்வதானால் மாஸ்க்கோடு, காற்று வீசாத இடத்தில், பிள்ளைகள் அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

தூரிகையால் தீட்டுவதற்குச் சாயத்தைக் கெட்டியாக்க சோடியம் ஆல்ஜினேட் சேர்ப்போம். கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளில் சில இதற்குத்தான் போகின்றன. அரிசிக் கஞ்சியோ மைதாவோ கலந்தால் சாயம் அந்த மாவுச்சத்தோடு பிணைந்து வீணாகும். ஆல்ஜினேட் சாயத்தோடு அப்படி ஒட்டாது. துணியை முன்னாலேயே சோடா ஆஷ் கரைசலில் (லிட்டருக்கு 30, 40 கிராம்) ஊறவைத்துக் காயப்போட்டு, அதன்மேல் தீட்டினால் கோடு நிதானமாக நிற்கும். தீட்டியபின் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓர் இரவு ஈரம் காயாமல் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு முன்பே பிடித்துவிடும், ஆனாலும் நான் அவசரப்படுத்துவதில்லை.

இந்த சோடா ஆஷ், சமையல் சோடா அல்ல. கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரால் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வாடிக்கையாகச் சிலர் பயன்படுத்தும் சோடியம் சிலிகேட் இன்னும் காரமானது, காய்ந்தால் கண்ணாடிபோல் கீறும். சாயத்துக்கு எடுத்த கரண்டி, பாத்திரம், மிக்சி, மைக்ரோவேவ் எதுவும் பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றுவது) வேலைக்கென்று, இரண்டு ரசாயனங்கள் துணியிலேயே சேர்ந்து நிறமாகும் நாப்தால் சாயத்தை வீட்டில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அதற்குத் தேவைப்படும் காஸ்டிக் சோடா ஒரு பக்கம் இருக்க, நாப்தாலோடு சேர்ந்து நிறம் தரும் ‘பேஸ்’களில் சில, புற்றுநோய் உண்டாக்கும் அமின்களாகவே இருப்பவை. ஃபிராங்க்ஃபர்ட்டில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலை ஆட்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டு எழுதியது 1895-இல். 1990-களில் இந்திய அரசு பென்சிடின் வகை உட்பட 112 சாயங்களைத் தடைசெய்தது. பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாதபோது, தடைப்பட்டியல் நமக்கு என்ன உதவி செய்யும்? நிறத்தின் பெயரும், எந்தச் சாயம் என்று அடையாளம் காட்டும் கலர் இண்டெக்ஸ் எண்ணும் போட்ட டப்பாவாகக் கேட்டு வாங்குங்கள். இயற்கைச் சாயம் என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: கடுக்காயும் படிகாரமும் சரி, நிறத்தை அடர்த்தியாக்க டைக்ரோமேட் என்ற நச்சுக் குரோமியம் உப்பைப் போடச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தூக்கிப் போடுங்கள்.

சாயமேற்றிய துணியில் நிறத்தை எடுத்து வெள்ளைக் கோலம் வரவழைக்கப் பிளீச் தீட்டுவதும் உண்டு. பிளீச்சின் வேலையை நிறுத்துவதற்காக வினிகரில் முக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தவர் மருத்துவமனைக்குப் போக நேரிடலாம். அதற்கு ‘ஹைப்போ’, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் கரைசல்தான் சரி.

துணியைக் காப்பாற்றும் விஷயம் ஒன்று பாக்கி. சாயத்தில் ஒரு பகுதி துணியோடு பிணையாமல் தண்ணீரோடு பிணைந்து செத்துப்போகிறது. அது துணியிலேயே தங்கி, என்றைக்காவது ஈரம் பட்டால் பக்கத்துத் துண்டுக்கு இறங்கும். மாதக்கணக்கில் தைத்த குவில்ட்டில் வெள்ளைப் பகுதி இளஞ்சிவப்பாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு வைத்தியம் அநேகமாக இல்லை. எனவே தைக்கும் முன்பே முதலில் குளிர்ந்த நீரில் சோடா போகும்வரை அலச வேண்டும். பிறகு கை பொறுக்காத சூட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டர்க்காய்ஸ் நீலம்தான் மகா பிடிவாதம், அதற்குக் கூடுதல் அலசல் ஒதுக்குங்கள். சந்தேகமிருந்தால் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள், வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக விழும். திருப்பூரில் பட்டறைகள் அந்தக் காலத்திலேயே தண்ணீருக்காக லாரி வைத்துக்கொண்டது சும்மா இல்லை. வீட்டில் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் கால்கான் தூள் கொஞ்சம் சேர்த்தால் போதும்.

அலசிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். சாயத்தைவிட, முக்கிச் சாயமேற்றும்போது சேர்க்கும் உப்பும் சோடாவும்தான் மண்ணைக் கெடுக்கும். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் என்னவாயின என்பதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. வீட்டில் ஒருவர் செய்வது அந்த அளவல்ல, உண்மைதான். ஆனாலும் கிணற்றோரம் கொட்ட வேண்டாம். நேரடியாகத் தீட்டும் முறையில் உப்பே தேவையில்லை, தண்ணீரும் குறைவு. அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாயத் தூளால் மூச்சுத் தொந்தரவு ஏற்கெனவே வந்தவர்கள் மாஸ்க்கை நம்பித் தூளைத் தொடர வேண்டாம். நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது சாயத்தின் பெயரை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தெந்த நாள் கலக்கினீர்கள், எந்தெந்த இரவு இருமினீர்கள் என்ற குறிப்பும் இருக்கட்டும். அந்தப் பெண்மணி இப்போது தூளைத் தொடுவதில்லை. தண்ணீர் கலந்து வரும் துணிப் பெயின்ட்டில் வேலை செய்கிறார். அது இழையின் மேல் பைண்டர் என்ற பசையோடு படிவதால் துணி கொஞ்சம் விறைக்கும், எந்திர ஊசியை 90-ஆம் நம்பருக்கு மாற்ற வேண்டியிருக்கும், இஸ்திரியால் சூடு கொடுத்து நிலைப்படுத்தும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். நிறம் சாயத்தைப்போல ஊடுருவாது என்று இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது.